ஆரஞ்சுக் குவியலின் முன்

எங்கள் நகரிலுள்ள பல்பொருள் அங்காடி ஒன்றின் பழப்பகுதியில், ஒரு மாலைப்பொழுதில் சற்று ஒதுங்கி நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். சாய்வாக அடுக்கப்பட்ட தட்டுகளில் ஆரஞ்சுப் பழங்கள் குவிந்திருந்தன. சுற்றிலும் ஆறேழு பேர். ஒருவர் பழத்தை எடுத்து விளக்கொளியில் உருட்டிப் பார்த்தார். இன்னொருவர் மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்தார். நடுத்தர வயதுடைய அம்மையார் ஒருவர் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, மனநிறைவு கொள்ளாதவராய்த் திரும்ப வைத்தார். அதே பழத்தை அடுத்து வந்தவர் எடுத்து அழுத்தினார். கால்மணி நேரத்தில் அந்த ஒரு பழம் ஐந்து கைகள் மாறியதை எண்ணினேன். ஐவரும் அதனை வேண்டாமென்று வைத்துவிட்டார்கள். ஆறாவதாக எடுத்தவன் நான். நானும் அழுத்திப் பார்த்தேன், நானும் வைத்துவிட்டேன்.

இனிப்பான ஆரஞ்சைத் தேர்ந்தெடுப்பதில் அறநெறி சார்ந்த கேள்வி ஏதேனும் உண்டா என்று கேட்டால், பங்குச்சாமியாருக்கு வேறு வேலை இல்லை போலும் என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. கொலை, களவு, பொய்ச்சான்று என்று பெரிய தலைப்புகளில் குருமடத்தில் அறநெறி பயின்றவர்கள் நாங்கள். ஆயினும் மனிதர் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கொலைக்கு முன் நின்று முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாவதில்லை. பழக்குவியலுக்கு முன் வாரம் ஒருமுறையாவது நிற்கிறார்கள்.

நான் பழம் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, படுக்கையில் இருப்பவர்களுக்கு இரண்டிரண்டு ஆரஞ்சுப் பழங்களையும் எடுத்துச்செல்வது என் நெடுநாள் வழக்கம். முன்னொரு பங்கில் பணியாற்றியபோது, பக்கவாதத்தால் படுத்திருந்த பெரியவர் ஒருவர், நாலைந்து மாதங்கள் பொறுத்திருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “சாமி, கோபிக்கக் கூடாது. நீங்க கொண்டுவர்ற பழம் பார்க்க அழகா இருக்கு. உரிச்சா வெறும் சக்கை.” பழத்தின் நிறத்தையும் பளபளப்பையும் மட்டுமே பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கிற்று. அந்தப் பெரியவரோ இளமையில் கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியில் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர். அங்கே காப்பிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு மரங்களும் இருக்கும். அசையாத வலக்கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, இடக்கையில் பழத்தை ஏந்தி, அவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

அவர் சொன்ன முதல் பாடம் எடை. ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரு கைகளிலும் ஏந்திப் பார்த்தால் ஒன்று மற்றதைவிடக் கனமாகத் தோன்றும். கனத்ததில் சாறு மிகுதி. கனமின்றிப் பஞ்சுபோல் மேலெழும் பழத்தில் சுளைக்குள் இருக்கும் சாற்று மணிகள் வற்றி வெளுத்திருக்கும். அளவில் பெரிதாக இருக்கிறதே என்று மயங்கக்கூடாது. பெரிய பழம் பலவேளைகளில் தடித்த தோலையே சுமந்துகொண்டிருக்கும். அழுத்தவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாலே போதும் என்பார்.

நிறம் பற்றி அவர் சொன்னதைப் பின்னர் நானும் நூல்களில் படித்து உறுதிசெய்துகொண்டேன். ஆரஞ்சின் தோல் மஞ்சட்சிவப்பாக மாறுவதற்கு இரவுக் குளிர் வேண்டும். குளிர் குறைந்த வெப்ப நாடுகளில் உள்ளே நன்கு பழுத்து இனித்த பழமும் வெளியே பச்சையாகவே நிற்கும். ஆந்திரத்திலிருந்து நமக்கு வரும் சாத்துக்குடி இதற்குச் சான்று. பச்சையும் மஞ்சளும் கலந்த தோலுக்குள் அத்தனை இனிப்பு. மாறாக, பச்சைத் தோலுள்ள பழங்களை எத்திலீன் வாயு நிரப்பிய அறையில் சில நாள் வைத்து நிறமேற்றும் முறையும் உண்டு. அந்த வாயு தோலின் பச்சையத்தைத்தான் நீக்கும். உள்ளே ஒரு துளி இனிப்பையும் கூட்டாது. வாழையும் மாவும் பறித்த பின்னும் பழுக்கும், இனிக்கும். ஆரஞ்சு அப்படியன்று. மரத்தை விட்டு வரும்போது எவ்வளவு இனிப்போ அவ்வளவே. வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாலும் புளித்த ஆரஞ்சு புளித்ததே.

தோலின் பளபளப்பையும் நம்புவதற்கில்லை. கழுவும்போது பழத்தின் இயற்கையான மெழுகு போய்விடுவதால், நீர் வற்றாதிருக்கும்பொருட்டு வேறு மெழுகைப் பூசுகிறார்கள். பளபளப்பு அதனால் வருவது. எகிப்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வரும் பழங்களில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையின் நான்கு இலக்க எண் இனத்தையும் அளவையும் குறிக்குமேயன்றிச் சுவையைக் குறிக்காது. இறுகிய தோலுடைய இவ்வகைப் பழங்களில் தோல் மெலிந்து வழவழப்பாக இருப்பது நல்ல அடையாளம். நம் கமலாவுக்கும் நாகபுரி ஆரஞ்சுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. அவற்றின் தோல் இயல்பிலேயே தளர்ந்திருக்கும். ஆனால் தளர்ச்சி மிகுந்து, தோலுக்கும் சுளைக்கும் இடையே காற்றடைத்தாற்போல் உப்பியிருந்தால் பழம் பருவம் கடந்து வற்றத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அடிப்பக்கம் தொப்புள்போல் குழிந்திருக்கும் விதையற்ற வகைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரேசில் நாட்டு பாகியாவிலிருந்து 1870-ஆம் ஆண்டளவில் வாஷிங்டனுக்குக் கொண்டுவரப்பட்ட அவ்வகையின் கன்றுகளை, எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி 1873-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நட்டு வளர்த்தார். விதையில்லாததால் ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டியே அவ்வகை பெருகிற்று. நாரத்தை, நாரங்கம் என்னும் நம்மவர் சொல்லே பாரசீகம், அரபு, ஸ்பானியம் எனப் பயணம்செய்து ஆரஞ்சு என்று திரும்பி வந்திருக்கிறது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. இது சற்று விலகிய செய்தி. இருந்தாலும் சொல்ல ஆசை.

இவ்வளவையும் அறிந்து எடுத்தாலும் ஏமாற்றம் முழுதும் நீங்குவதில்லை. ஒரே மரத்தில், வெயில் படும் வெளிக்கிளைப் பழம் இலை நிழலில் மறைந்த உட்கிளைப் பழத்தைவிட இனிக்கும். ஒரே பழத்திற்குள்ளும் காம்பை ஒட்டிய பாதியைவிட அடிப்பாதிக்கு இனிப்புச் சற்றுக் கூடுதல். எந்தக் கிளையின் பழம் என் கையில் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

இந்தப் பாடங்களால் நான் தேர்ந்த கைக்காரனானேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்குச் சிறிது செருக்கும் உண்டாயிற்று. பெரியவர் எடை மட்டும் போதும் என்று சொல்லியிருந்தும், எடை பார்ப்பதோடு நான் நிற்கவில்லை. அழுத்தினேன். காம்புப் பக்கம் நகத்தால் மெல்லக் கீறி முகர்ந்தேன். கீறினால் எழும் எண்ணெய் மணத்தைக் கொண்டு பழத்தின் புதுமையை அறியலாம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன்.

மேலே சொன்ன மாலைக்குச் சில வாரங்களுக்குப் பின், அதே அங்காடியில் பழப்பகுதியைக் கவனித்துக்கொள்ளும் இளம்பெண் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிப் பேசினார். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். “ஃபாதர், தப்பா நினைச்சுக்காதீங்க. அழுத்தாம எடுங்க. நீங்க அழுத்தின இடம் இப்ப ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள்ல பழுப்பாத் தெரியும்.” அவர் ஒரு பழத்தை எடுத்துக் காட்டினார். தோலில் பெருவிரல் அளவுக்குப் பழுப்புத் தழும்பு. இன்னொன்றில் இரண்டு. நகம் பட்டிருந்த மூன்றாவது பழத்தில் அந்தக் கீறலைச் சுற்றி வெள்ளைப் பொடியும், நடுவே சாம்பல்பச்சைப் பூசணமும் படர்ந்திருந்தன. ஒவ்வோர் இரவும் கடை மூடுமுன் இப்படிப்பட்டவற்றைப் பொறுக்கித் தனிக்கூடையில் போடுவது தம் வேலை என்றார். “பூச்சி அரிச்சது, வண்டியில அடிபட்டது கொஞ்சம்தான் ஃபாதர். கைபட்டதுதான் நிறைய.”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஆரஞ்சின் தோல் முழுவதும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்திருக்கின்றன. அழுத்தும்போது அவை உடைந்து எண்ணெய் கசிகிறது. பழத்துக்குக் காவலாக அமைந்த அந்த எண்ணெய், தன் இடத்தைவிட்டு வெளியேறினால் சுற்றியுள்ள தோலையே கருக்கிவிடுகிறது. உடனே தெரியாது, அழுத்தியவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகே தழும்பு எழும். பச்சைப் பூசணமோ காயமுற்ற தோல் வழியாகவே உள்ளே நுழையக் கூடியது. காயமில்லாத பழத்தின்மேல் அதன் வித்துகள் எத்தனை விழுந்தாலும் வாயிலின்றி வெளியே கிடக்கும். (1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினைத் தந்ததும் இந்தப் பூசணத்தின் உறவினம்தான்.) இதனால்தான் செம்மையாகப் பேணப்படும் தோட்டங்களில் பழம் பறிப்போர் கையுறை அணிகிறார்கள், காம்பைப் பிய்க்காமல் கத்தரியால் நறுக்குகிறார்கள், பனியின் ஈரம் உலர்வதற்கு முன் மரத்தில் கைவைப்பதில்லை, ஏனெனில் ஈரம் ஏறி விம்மிய தோலில் சுரப்பிகள் எளிதில் உடையும். மரத்திலிருந்து கடைவரை முகமறியாத எத்தனையோ பேர் நகம்படாமல் காத்து அனுப்பிய பழத்தை, தேர்ந்தெடுக்கிறேன் என்ற பெயரில் நான் கீறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று முதல் அழுத்துவதை விட்டேன். ஆனால் அத்துடன் கேள்வி தீர்ந்துபோகவில்லை. தொடங்கிற்று என்றே சொல்ல வேண்டும்.

என் சிறு வயதில் எங்கள் தெருவுக்குத் தலைச்சுமையாய்ப் பழம் கொண்டுவரும் அம்மா ஒருவர் இருந்தார். கூடையை இறக்கி வைப்பார். ஆனால் கூடைக்குள் நம் கையை விடமாட்டார். தாமே எடுத்துத் தருவார். நான்கு நல்ல பழங்களோடு ஒன்று சுமாரானதாக இருக்கும். என் தாய் அதைக் கண்டுபிடித்துச் சண்டையிடுவார். அந்த அம்மா ஒரு பழம் கொசுறாகப் போட்டுச் சமாதானம் செய்வார். அடுத்த வாரம், “போன தடவை ஒண்ணு அழுகலா இருந்துச்சா?” என்று தாமே கேட்டு ஈடுசெய்வதும் உண்டு. அந்த முறையில் ஏமாற்று இல்லாமல் இல்லை. ஆயினும் நல்லதும் சுமாரானதும் தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்பட்டன. பங்கிட்டவர் அவர். கூடையின் அடிமட்டத்தில் இருப்பவற்றை யாருக்குக் கொடுப்பது என்ற கவலையும் அவருடையதாகவே இருந்தது.

வாங்குபவர் தாமே கூடையைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கிடையே நடந்து, விரும்பியதை எடுத்துக்கொள்ளும் முறையை 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற தம் கடையில் தொடங்கினார். அதற்கு முன் கடைச் சிப்பந்திதான் எடுத்துக் கொடுப்பார். நூறாண்டுகளுக்குள் அம்முறை நம்மூர்வரை வந்துவிட்டது. வாங்குபவருக்கு இது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் பங்கிடுபவர் ஒருவர் அங்கே இருந்தாரே, அவர் மறைந்துபோனார். அவருடைய கடமை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாங்குகிற நம் ஒவ்வொருவரிடமும் அது வந்து சேர்ந்திருக்க வேண்டும்; வந்ததை நாம் கவனிக்கவில்லை.

வணிகத்தின் நீதி பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் நுணுகி ஆராய்ந்திருக்கிறார். குருமட நாள்களில் அந்தப் பகுதியைத் தேர்வுக்காகப் படித்தேன். அண்மையில் ஆரஞ்சுக்காகப் படித்தேன். பொருளில் மறைவான குறை இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஒற்றைக்கண் குதிரையைப் போல வெளிப்படையான குறையாயின், விலையையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால், சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்பது அவருடைய முடிவு. வாங்குபவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. பொன்னைப் பித்தளையென்று அறியாமல் ஒருவர் விற்கும்போது, அறிந்தே வாங்கிச் செல்பவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறார். எத்துணைக் கூர்மையான பார்வை! ஆயினும் அவருடைய அரங்கில் நிற்பவர்கள் இருவரே: விற்பவர், வாங்குபவர். ஆரஞ்சுக் குவியலின் முன்போ மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். இன்னும் வந்து சேராதவர். எனக்குப் பின் அதே குவியலின் முன் நின்று, அதே விலையைக் கொடுக்கப்போகிறவர். அவருக்கு நான் ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறேனா?

இதை எங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பள்ளி ஆசிரியை ஒருவர் உடனே மறுத்தார். “ஃபாதர், மாதக் கடைசியில் நூறு ரூபாயை நாலாப் பிரிச்சுச் செலவு பண்ணுறவங்க நாங்க. நல்லதைப் பார்த்து எடுக்காம விட்டா அது தியாகமில்லை, ஊதாரித்தனம். குழந்தைக்குச் சக்கையைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்றீங்களா?” கூட்டத்தில் பலரும் தலையசைத்தார்கள். அவருடைய வாதத்தில் இருந்த நேர்மை என்னை வாயடைக்கச் செய்தது. விலை எல்லாருக்கும் ஒன்றுதான்; முந்தி வந்தவர் நல்லதை எடுப்பதில் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை; நான் எடுக்காவிட்டால் அடுத்தவர் எடுப்பார். இவையெல்லாம் சரியே. இன்னும் ஒன்று: குறைவான பணம் உள்ளவருக்குத்தான் தேர்ந்தெடுக்கும் திறமை அதிகம் தேவை. செல்வருக்கு ஒரு பழம் புளித்தால் இழப்பில்லை. நாளுக்கு இரண்டு பழம் வாங்குபவருக்கு ஒன்று புளித்தால் பாதி போயிற்று. ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று பொத்தாம்பொதுவாகப் போதிப்பது, கூடை நிறைய வாங்கக்கூடியவர் செய்யும் போதனையாகிவிடும்.

எனினும் ஆசிரியையின் வாதம் என்னைப் பொறுத்தவரை பொருந்துமா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். நான் மாதக் கடைசியில் நூறு ரூபாயைப் பிரிக்கிறவன் அல்லன். வீட்டில் குழந்தையும் இல்லை. பன்னிரண்டு பழங்களுக்காகக் குவியலில் அறுபதைப் புரட்டுகிறேன். என் தேவை நல்ல பழம் என்பதிலிருந்து நழுவி, இருப்பவற்றுள் மிகச்சிறந்தவை என்பதாக எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. நல்ல பழத்தை எடுப்பதற்கும், நல்லவை அனைத்தையும் எடுப்பதற்கும் இடையே எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் விழும் என்றே இப்போது எண்ணுகிறேன். ஆசிரியைக்கு அது குவியலின் கடைசிப் பழத்தில் விழலாம். எனக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

லேவியர் நூலில் அறுவடை பற்றிய கட்டளை ஒன்று நமக்குத் தெரிந்ததே. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்திலும் உதிர்ந்ததைப் பொறுக்கக் கூடாது. மறையுரைகளில் நானே பலமுறை இதை விளக்கியிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருக்கிறேன். வயலின் ஓரத்தில் நிற்பது பதரன்று. நடுவயலில் விளைந்த அதே கதிர்தான் ஓரத்திலும் விளைந்து நிற்கிறது. உழவர் தரம்பிரித்துத் தாழ்ந்ததை ஒதுக்கி வைப்பதாக அங்கே இல்லை. ஓர் எல்லையில் அரிவாளை நிறுத்திக்கொள்கிறார், அவ்வளவே. நானோ குவியலில் நல்லவற்றையெல்லாம் பொறுக்கிய பின் மீதியைப் பின்வருபவருக்கு விட்டிருந்தேன். விட்டது விட்டதுதானே என்று சமாதானமும் கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு டிசம்பரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் பங்கில் மறைவட்டக் குருக்கள் கூட்டம் இருந்தது. காலையில் கடை திறந்ததும் சென்று, புதிதாக வந்திறங்கிய ஆரஞ்சுகளில் கனமான பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தேன். அழுத்தவில்லை, ஏந்திப் பார்த்தே எடுத்தேன். கைத்திறன் வீண்போகவில்லை, தேனாக இனித்தன. ஆனால் எங்களில் ஐம்பதைக் கடந்தோர் பலருக்குச் சர்க்கரை நோய். ஆளுக்கு இரண்டு சுளையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆறு பழங்கள் மீந்து குளிர்பெட்டிக்குப் போயின.

இரவு ஒன்பது மணிக்குக் கடை மூடும் தறுவாயில், மறந்துபோன ரொட்டிக்காக மீண்டும் அங்கே செல்ல நேர்ந்தது. ஆரஞ்சுத் தட்டில் அடிமட்டமாய் இருபது பழங்கள் கிடந்தன. அதன் முன் எங்கள் பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். நூற்பாலையில் வேலை செய்பவர். பணி முடிந்து நேராக வந்திருந்தார், தலையில் பஞ்சுத்தூசி இன்னும் ஒட்டியிருந்தது. மகளுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல், எதையும் உண்ண மறுக்கிறாள், ஆரஞ்சு மட்டும் கேட்கிறாள் என்றார். “சாமி, இனிப்பா ரெண்டு எடுத்துக் குடுங்க. எனக்குப் பார்க்கத் தெரியாது.”

ஒவ்வொன்றாக ஏந்திப் பார்த்தேன். ஒன்று மாற்றி ஒன்று இலேசாக இருந்தது. சிலவற்றில் பழுப்புத் தழும்புகள். இருபதையும் தூக்கிப் பார்த்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. பழப்பகுதிப் பெண் தம் கூடையுடன் வந்து காத்திருந்தார். கடைசியில் ஒன்று தேறியது. மற்றொன்றை அரைமனத்தோடு எடுத்தேன். குளிர்பெட்டியில் இருக்கும் ஆறு பழங்களைப் பற்றி அப்போது எனக்கு நினைவு வரவேயில்லை. வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்து ரொட்டியை உள்ளே வைத்தபோதுதான் அவற்றைக் கண்டேன். அதற்குள் அவருடைய பேருந்து போயிருக்கும்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் படிக்கட்டருகே அவரைக் கண்டு, குழந்தை எப்படியிருக்கிறாள் என்று விசாரித்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். பழம்? “ஒண்ணு நல்ல இனிப்பு சாமி. இன்னொண்ணு புளிச்சுப்போச்சு.” எது எதுவென்று எப்படித் தெரிந்தது என்றேன். இரண்டிலும் ஒரு சுளை தாம் தின்று பார்த்ததாகவும், இனித்ததை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் புளித்ததைத் தாமே தின்றுவிட்டதாகவும் சொன்னார்.

அடுத்தமுறை தாமே பார்த்து எடுக்கும்படி, இரு கைகளிலும் ஏந்தி எடைபார்க்கும் விதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றேன். அழுத்திப் பார்க்கக் கூடாது, அழுத்தினால் பின்னால் வருபவருக்குப் பழம் கெட்டுவிடும் என்பதையும் விளக்கினேன்.

அவர் சிரித்துவிட்டார். “நாங்க எங்க சாமி அழுத்துறது? ரெண்டு தடவை தொட்டாலே, என்ன வேணும்னு வந்து நிப்பாங்க.”

பிறகு மகளைக் கூப்பிட்டு, சாமிக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னார்.